புதுத் திரையில் ஒரு புள்ளி: குறை எங்கே இருக்கிறது?

கணிப்பொறி வாங்கச் செல்வோர் கடையில் பல கேள்விகள் கேட்கிறார்கள். நினைவகம் எவ்வளவு, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், எடை எத்தனை கிலோ என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆனால், "இதன் திரையில் எத்தனை புள்ளிகள் பழுதாக இருந்தால் மாற்றித் தருவீர்கள்?" என்று கேட்பவர் அரிது. அப்படி ஒரு கணக்கு உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பணம் கட்டி, பெட்டியைப் பிரித்து, கறுத்த திரையின் நடுவே ஒரு பச்சைப் பொட்டு கண்ணை உறுத்தும்போதுதான் அந்தக் கணக்கு நமக்குச் சொல்லப்படுகிறது. "இது அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு உட்பட்டது; மாற்றித் தர இயலாது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அனுமதித்தவர் யார்? எந்த எல்லை? அந்த எல்லை அறிவியலுக்குப் பொருந்துகிறதா, நியாயத்துக்குப் பொருந்துகிறதா? இவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். கல்லூரி மாணவர் ஒருவர் தம் படிப்புக் காலத்தில் ஒரே ஒரு கணிப்பொறிதான் வாங்குவார். அதற்காகக் குடும்பம் கடன் பட்டிருக்கவும் கூடும். ஆகவே இது அற்ப விஷயம் அன்று.

திரையும் தறியும்

முதலில் திரையின் அமைப்பை அறிந்துகொள்வோம். இன்றைய மடிக்கணிப்பொறிகளில் பெரும்பாலானவை திரவப் படிகத் திரை கொண்டவை. திரவப் படிகம் என்பது திரவத்தைப்போல் ஓடக்கூடியது. ஆயினும் படிகத்தைப்போல் அதன் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும். இந்த விந்தைப் பொருளை 1888-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் கண்டறிந்தார். நம் நாட்டுக்கும் இத்துறையில் பெருமை உண்டு. பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன புதியவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்து உலகத்தின் கவனத்தை ஈர்த்தனர்.

திரையின் பின்புறம் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் முன் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே, சில மைக்ரான் இடைவெளியில், திரவப் படிகம் அடைபட்டிருக்கிறது. தகடுகளின் வெளிப்புறத்தில் ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் முனைவாக்கிகள் உள்ளன. மின்னழுத்தம் கொடுத்தால் திரவப் படிக மூலக்கூறுகள் திசை மாறுகின்றன. அதனால் அவ்விடத்தில் ஒளி கடக்கும் அளவு மாறுகிறது. திரையின் ஒவ்வோர் இடமும் ஒளிக்கு ஒரு சிறு கதவு எனலாம்.

இத்தகைய கதவுகள் மூன்று சேர்ந்தது ஒரு படப்புள்ளி. இதனையே பிக்சல் என்கிறோம். மூன்றில் ஒன்றின்மேல் சிவப்பு வடிகட்டியும், ஒன்றின்மேல் பச்சையும், ஒன்றின்மேல் நீலமும் உள்ளன. இந்த மூன்றையும் நிறக்கூறுகள் என்று அழைப்போம்.

இவ்வளவு கதவுகளையும் திறந்து மூடுவது எப்படி? இங்கே எங்கள் ஊர்ப்பக்கத்து உவமை ஒன்று நன்கு பொருந்துகிறது. நெய்யூருக்கு அடுத்த இரணியல் கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் பாவு நூல்கள் நீளவாக்கில் செல்கின்றன. ஊடை நூல்கள் அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. திரையிலும் அப்படியே. நெடுக்கே ஆயிரக்கணக்கான கம்பிகள். குறுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் காவல் இருக்கிறது. குறுக்குக் கம்பி அந்த வரிசையின் டிரான்சிஸ்டர்களைத் திறக்கிறது; நெடுக்குக் கம்பி உரிய மின்னழுத்தத்தைக் கொண்டு வந்து சேர்க்கிறது. பொதுவாக ஒரு வினாடியில் 60 முறை இந்த நெசவு முழுவதும் புதிதாக நடைபெறுகிறது.

பாவில் ஒரு நூல் முழுதும் அறுந்துபோனால் துணியின் நீளம் முழுவதும் கோடு விழும். ஒரே ஓர் இழை ஓரிடத்தில் தவறினால் சிறு கண் மட்டும் விழும். திரையில் நெடுக்கவோ குறுக்கவோ ஒரு கோடு முழுதாகத் தெரிந்தால் கம்பியிலோ அதன் இணைப்பிலோ பழுது என்று ஊகிக்கலாம். ஒரு புள்ளி மட்டும் தவறினால் அந்தச் சந்திப்பிலுள்ள டிரான்சிஸ்டர் பழுது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். கோடு விழுந்த திரையைப் புள்ளிக் கணக்கில் சேர்த்து யாராவது சமாதானம் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

அணைந்தவையும் அணையாதவையும்

பழுதான புள்ளிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். எப்போதும் வெள்ளையாக ஒளிர்வது ஒரு வகை. அதை அணையாப் புள்ளி என்போம். எப்போதும் இருண்டிருப்பது அணைந்த புள்ளி. மூன்று நிறக்கூறுகளில் ஒன்று மட்டும் திறந்தோ மூடியோ நின்றுவிடுவது மாறாப் புள்ளி.

டிரான்சிஸ்டர் செயலிழந்து மின்னழுத்தமே வந்து சேராவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை திரையின் வகையைப் பொறுத்தது. முறுக்கு அமைப்புடைய பழைய வகைத் திரைகளில் மின்னழுத்தம் இல்லாதபோது கதவு திறந்திருக்கும். ஆகவே பழுதான இடம் ஒளிரும். இன்று பரவலாக உள்ள ஐ.பி.எஸ். வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது கதவு மூடியிருக்கும். ஆகவே பழுதான இடம் இருளும். ஒரே நோய், உடலுக்கு ஏற்ப இருவேறு குறிகளைக் காட்டுவதுபோல் இது.

மாணவர்கள் சிந்திக்க ஒரு சிறு கணக்கு: வெள்ளைத் திரையில் ஓரிடத்தில் கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த ஒரு பொட்டு தெரிகிறது. எந்த நிறக்கூறு அணைந்திருக்கும்? வெள்ளையிலிருந்து பச்சையைக் கழித்தால் சிவப்பும் நீலமும் எஞ்சும். ஆகவே அணைந்தது பச்சை. அதேபோல் மஞ்சள் பொட்டு தெரிந்தால் நீலம் அணைந்தது என்று அறிக. ஆய்வுக்கூடத்துக் கைலென்சு ஒன்று இருந்தால் இதை நேரிலேயே சோதிக்கலாம்.

உற்பத்தியாளர் பக்க நியாயம்

குறை கூறுமுன் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்பது அறிவியல் நெறி. முழு எச்.டி. எனப்படும் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 படப்புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600. ஒவ்வொன்றிலும் மூன்று நிறக்கூறுகள். ஆக 62,20,800 டிரான்சிஸ்டர்கள். ஒரு திரை குற்றமற்றதாக இருக்க வேண்டுமானால் இத்தனையும் பழுதின்றி அமைய வேண்டும்.

பத்து இலட்சத்தில் ஒன்றுதான் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு இது மிக நல்ல தேர்ச்சியாகத் தோன்றும். ஆனால் ஒரு திரைக்குச் சராசரியாக 6 பழுதுகள் வந்துவிடுகின்றன. நிகழ்தகவுக் கணக்குப்படி முற்றிலும் குற்றமற்ற திரை ஏறத்தாழ 500-இல் ஒன்றுதான் கிடைக்கும். கோடியில் ஒன்று பழுதானால்கூட 100 திரைகளில் 54 மட்டுமே குற்றமற்றவை. நூற்றுக்குத் தொண்ணூறு திரைகள் குற்றமற்றவையாக அமைய வேண்டுமானால் ஏறத்தாழ 5.9 கோடி டிரான்சிஸ்டர்களில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது. பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் நேர்கின்றன என்ற எளிய அனுமானத்தின்மேல் அமைந்த கணக்கு இது. எனினும் சிக்கலின் பருமனை இது தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே ஒரு புள்ளி தவறிய திரைகளையெல்லாம் உடைத்து எறிய வேண்டும் என்று நாம் வற்புறுத்தினால், அதன் செலவு மீதித் திரைகளின் விலையில் ஏறும். எறியப்படும் கண்ணாடியும் வேதிப்பொருள்களும் மண்ணில் சேரும். ஒரு புள்ளி தவறிய திரையிலும் பாடம் படிக்கலாம், கட்டுரை எழுதலாம். எனவே ஓரளவு பழுதை அனுமதிப்பது தவறன்று என்பதே என் கருத்து. விவாதம் அந்த அளவைப் பற்றியது. அதைவிட, அந்த அளவை வாங்குபவருக்குச் சொல்வதைப் பற்றியது.

தரவிதியின் பலமும் பலவீனமும்

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2001-இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 13406-2 என்னும் விதி திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் பழுதே கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து இலட்சம் படப்புள்ளிகளுக்கு 2 அணையாப் புள்ளிகள், 2 அணைந்த புள்ளிகள், 5 மாறாப் புள்ளிகள் வரை இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் இவை முறையே 5, 15, 50. நான்காம் வகுப்பில் 50, 150, 500. 2008-இல் ஐ.எஸ்.ஓ. 9241 தொகுதியிலுள்ள புதிய விதிகள் இதன் இடத்தைப் பிடித்தன. ஆயினும் விற்பனை உலகில் இன்றும் "இரண்டாம் வகுப்பு" என்ற பேச்சு வழங்கி வருகிறது.

இரண்டாம் வகுப்பை முழு எச்.டி. திரைக்குப் பொருத்திப் பாருங்கள். 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட படப்புள்ளிகள். ஆகவே 4 அணையாப் புள்ளிகள், 4 அணைந்த புள்ளிகள், 10 மாறாப் புள்ளிகள் என ஒருசேர 18 வரை ஒரு புதுத் திரையில் இருக்கலாம். ஓராண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய பொருளில் இத்தனை இருக்கக்கூடும் என்பதை எந்த விளம்பரத்திலாவது கண்டிருக்கிறீர்களா?

இந்த விதியின் பலம், எல்லாரும் ஒரே அளவுகோலால் அளக்க வழி செய்ததுதான். பழுதுகள் ஓரிடத்தில் கூட்டமாக அமைவதற்குத் தனிக் கட்டுப்பாடும் அதில் உண்டு. ஆனால் கண்ணின் இயல்போடு வைத்துப் பார்க்கும்போது மூன்று குறைகள் தெரிகின்றன.

முதலாவது, நிறம். மனிதக் கண் பச்சைக்கு மிகுந்த உணர்ச்சியுடையது. நீலத்துக்குக் குறைந்த உணர்ச்சியுடையது. சாதாரணத் திரையின் வெள்ளை ஒளியில் நாம் உணரும் பிரகாசத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடு பச்சையிலிருந்தும், 21 விழுக்காடு சிவப்பிலிருந்தும், 7 விழுக்காடு நீலத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே அணையாமல் நிற்கும் ஒரு பச்சைக் கூறு, அதே நிலையிலுள்ள நீலக் கூற்றைப்போல் பத்து மடங்கு பிரகாசமாகத் தோன்றும். விதியின் எண்ணிக்கையிலோ இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது, தூரம். 15.6 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு படப்புள்ளியின் அகலம் சுமார் 0.18 மி.மீ. நாம் அதை அரை மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம். அப்போது புள்ளி நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 1.2 நிமிடம். அதே எண்ணிக்கைப் புள்ளிகளுடைய 55 அங்குலத் தொலைக்காட்சியில் புள்ளியின் அகலம் 0.63 மி.மீ.; ஆனால் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் கோணம் 0.7 நிமிடமே. பெரிய பெட்டியில் உள்ள பெரிய புள்ளியைவிட, மடியில் உள்ள சிறிய புள்ளியே கண்ணை அதிகம் உறுத்தும். பத்து இலட்சத்துக்கு இத்தனை என்னும் கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

மூன்றாவது, இடம். திரையின் நடுவில், நாம் வாசிக்கும் வரியின்மேல் விழுந்த ஒரு புள்ளியும், ஓரத்தில் ஒதுங்கிய ஒரு புள்ளியும் எண்ணிக்கையில் சமம். வாசகருக்குச் சமம் அல்ல.

"கண்ணுக்கே தெரியாது" என்னும் வாதம்

"இவ்வளவு சிறிய புள்ளியைக் கண்ணால் பார்க்கவே முடியாது, நீங்கள் வேண்டுமென்றே தேடுகிறீர்கள்" என்று சிலர் சொல்வார்கள். நம் கண்ணின் பிரிதிறன் ஏறத்தாழ ஒரு நிமிடக் கோணம் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். அரை மீட்டர் தொலைவில் அது 0.145 மி.மீ. ஆகும். ஒரு நிறக்கூற்றின் அகலம் 0.06 மி.மீ. மட்டுமே, தலைமுடியின் பருமன் அளவு. எனவே அது தெரியாது என்பது வாதம்.

இது பாதி உண்மை. பிரிதிறன் என்பது அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காணும் ஆற்றல். தனித்த ஓர் ஒளிப்புள்ளியைக் காண்பதற்கு அந்த எல்லை பொருந்தாது. வானத்து விண்மீன்களைப் பாருங்கள். அவற்றின் கோண அளவு ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் முட்டத்துக் கடற்கரையில் இருட்டில் நின்று அண்ணாந்தால் அவை பளிச்சென்று தெரிகின்றன. இருண்ட பின்னணியில் போதிய ஒளி வந்தால் போதும். அளவு ஒரு பொருட்டன்று. ஆகவே வெள்ளைப் பக்கத்தில் ஒரு சிறு கூறு அணைந்தால் பெரும்பாலும் தெரியாது என்பது சரி. கறுப்புப் பின்னணியில் ஒரு கூறு அணையாமல் நின்றால் தெரியாது என்பது இயற்பியலுக்கு முரண். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவது முறையாகாது.

ஒரு புள்ளி எவ்வளவு முக்கியம் என்பது வேலையைப் பொறுத்தும் மாறும். நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணியை நாடு அறியும். 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கு கொண்ட மருத்துவர் சோமர்வெல் நெடுங்காலம் தொண்டாற்றிய இடம் அது. இன்று எக்ஸ்-கதிர்ப் படங்களை மருத்துவர்கள் திரையிலேயே பார்க்கிறார்கள். மார்பகப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவுகள் நோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு நோயாளியின் உடலிலா, திரையிலா என்பது உயிர்க் கேள்வி. அதனால்தான் மருத்துவத் திரைகளுக்குத் தனியான, கடுமையான தரங்கள் வைக்கப்படுகின்றன. படத்தைத் திரையில் சற்று நகர்த்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: பொட்டு படத்தோடு நகர்ந்தால் அது படத்தில் உள்ளது; நின்ற இடத்திலேயே நின்றால் அது திரையில் உள்ளது.

கை வைத்தியங்கள்

பழுதான புள்ளிக்குப் பலவகை வைத்தியங்கள் வழங்கி வருகின்றன. அவற்றுள் இரண்டை இங்கே ஆராய்வோம்.

ஒன்று, நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளை அந்தப் புள்ளியின்மேல் மணிக்கணக்கில் ஓட விடுவது. "இரவெல்லாம் ஓட விட்டேன், காலையில் புள்ளி போயிற்று" என்பார்கள். திரவப் படிகத்துக்கு எப்போதும் திசை மாறும் மின்னழுத்தமே கொடுக்கப்படுகிறது. ஒரே திசையில் கொடுத்தால் அயனிகள் ஒருபுறம் குவிந்து படிகம் கெடும். ஆகவே சாதாரணமாகத் திரை எரியும்போதே ஒவ்வொரு கதவும் வினாடிக்குப் பலமுறை ஆட்டப்படுகிறது. அத்தகைய குவிப்பு காரணமாகத் தற்காலிகமாக நின்றுவிட்ட ஒரு கூறு, நிற மாற்றத்தால் மீளுவது இயற்பியலுக்கு விரோதமன்று. ஆனால் டிரான்சிஸ்டரே அறுந்துபோன இடத்தில் மின்னழுத்தம் சென்று சேர வழியே இல்லை. அறுந்த கம்பியில் எத்தனை முறை சுவிட்சைப் போட்டு அணைத்தாலும் விளக்கு எரியுமா?

மேலும், புள்ளி மீண்டது மென்பொருளாலா, தானாகவா? இதற்கு ஒப்பீடு வேண்டும். இருபது பழுதான திரைகளை எடுத்து, பத்தில் இந்த மென்பொருளையும் பத்தில் ஒரு சாதாரணத் திரைப்படத்தையும் அதே நேரம் ஓட விட்டு, எத்தனை மீண்டன என்று எண்ண வேண்டும். திரைப்படத்திலும் நிறங்கள் மாறிக்கொண்டுதானே இருக்கின்றன? அந்த எண்ணிக்கை இல்லாத சாட்சியம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இன்னொரு எச்சரிக்கை: வேகமாக மின்னும் ஒளி வலிப்பு நோயுடைய சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். ஓட விடுவதானால் யாரும் உற்றுப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வைத்தியம், பென்சில் முனையைத் துணியில் சுற்றிப் புள்ளியின்மேல் அழுத்தித் தேய்ப்பது. இதை நான் முற்றிலும் கண்டிக்கிறேன். இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்களே. அந்த இடைவெளியைக் காப்பவை நுண்ணிய தாங்கிகள். விரலால் அழுத்தினாலே திரையில் நிறங்கள் அலைமோதுவதைக் கண்டிருப்பீர்கள். மேலும் அழுத்தினால் தாங்கிகள் சிதையலாம்; நல்ல புள்ளிகளும் கெடலாம். அதற்குமேல், அழுத்திய அடையாளம் இருந்தால் "நீங்களே உடைத்தது" என்று உத்தரவாதமும் கைவிட்டுப் போகும். பல கைப்பேசிகளில் உள்ள ஓ.எல்.இ.டி. திரைகளிலோ திரவப் படிகமே கிடையாது. ஒவ்வொரு கூறும் தானே ஒளிர்வது. அங்கே அழுத்துவதால் அசைவதற்கு ஒன்றுமில்லை.

வானியலார் காட்டும் வழி

பழுதான புள்ளிகள் அறிவியலாரையும் விட்டு வைப்பதில்லை. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பற்றி மாணவர்கள் படித்திருப்பார்கள். இத்தகைய தொலைநோக்கிகளில் விண்மீன் ஒளியைப் பதிவு செய்யும் சில்லுகளிலும் பழுதான புள்ளிகள் உண்டு. வானியலார் என்ன செய்கிறார்கள்? மூடியைத் திறக்காமல் ஓர் இருட்டுப் படம் எடுக்கிறார்கள். சீரான ஒளியில் ஒரு வெளிச்சப் படம் எடுக்கிறார்கள். இவற்றைக் கொண்டு எந்தெந்தப் புள்ளிகள் பழுது என்று ஒரு வரைபடம் தயாரிக்கிறார்கள். பிறகு ஆராய்ச்சியில் அந்தப் புள்ளிகளை விலக்கி வைக்கிறார்கள். கருவியின் குறையை அவர்கள் மறைப்பதில்லை. எழுதி வைத்துக்கொண்டு அதன்படி நடக்கிறார்கள். குறை தெரிந்த கருவி நம்பத் தகுந்தது. குறை மறைக்கப்பட்ட கருவி நம்பத் தகாதது.

என் விமர்சனத்தின் சாரமும் இதுதான். தொழிற்சாலையில் திரைகள் சோதிக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்ட பின்னரே பெட்டியில் அடைக்கப்படுகின்றன. எந்த வகுப்புத் திரை என்பது விற்பவருக்குத் தெரியக்கூடியது. சில நிறுவனங்கள் தம் விலை உயர்ந்த திரைகளுக்கு "அணையாப் புள்ளி ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவோம்" என்று உறுதி கூறி விற்பதும் உண்டு. அப்படியானால் மற்றத் திரைகளுக்கு எத்தனை என்பதையும் பெட்டியின்மேல் அச்சிடலாம் அல்லவா? குளிர்பதனப் பெட்டியின் கதவில் மின்சிக்கன நட்சத்திரங்கள் ஒட்டப்பட்டிருப்பதைப் போல, திரையின் வகுப்பையும் ஒட்டினால் வாங்குபவர் தம் பணத்துக்கும் தேவைக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்வார். கணக்கு எழுத மட்டும் வாங்குபவர் குறைந்த வகுப்பைக் குறைந்த விலைக்கு மகிழ்ச்சியோடு வாங்கவும் கூடும்.

அரசு வழங்கும் மடிக்கணிப்பொறிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. 2025 மார்ச்சில் அளிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணிப்பொறியோ கைக்கணிப்பொறியோ வழங்குவது பற்றிய அறிவிப்பும் வந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். இது தானம் அன்று. மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. இலட்சக்கணக்கில் வாங்கும் ஒருவர் கேட்டால் எந்த உற்பத்தியாளரும் வகுப்பை எழுதித் தருவார். அதைப் பெட்டியில் அச்சிடச் செய்தால், தனியே வாங்குபவர்களுக்கும் அதுவே முன்மாதிரியாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "குறைபாடு" என்பதற்கு விளக்கம் தருகிறது. சட்டத்தின்படியோ, வெளிப்படையான அல்லது உள்ளார்ந்த ஒப்பந்தத்தின்படியோ, வணிகர் கூறிக்கொண்டபடியோ இருக்க வேண்டிய தரத்தில் நேரும் குறையே குறைபாடு என்பது அதன் கருத்து. இதைக் கவனமாகப் படியுங்கள். தரம் என்ன என்று முன்பே சொல்லப்பட்டிருந்தால் குறைபாட்டை அளக்க ஒரு கோல் கிடைக்கிறது. சொல்லப்படாவிட்டால் வழக்கு மூடுபனியில் நடக்கிறது. ஆகவே வகுப்பை வெளியிடுவது வாங்குபவருக்கு மட்டுமன்றி, நேர்மையான வணிகருக்கும் பாதுகாப்பு.

இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைபாடுடைய பொருளையோ விளம்பரத்தில் கூறிய இயல்புகள் இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. முறையிட 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

திங்கள்சந்தையில் வாழைத்தார் வாங்குபவர் விலை பேசுமுன் தாரைத் திருப்பிச் சீப்புகளை விலக்கிப் பார்ப்பார். பல்லாயிரம் ரூபாய்த் திரைக்கு அந்த அளவு சோதனைகூட நாம் செய்வதில்லை. பின்வரும் முறையைக் கையாளுங்கள்.

வாங்குமுன், பழுதான புள்ளி பற்றிய நிறுவனத்தின் கொள்கை என்ன என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். கூடுமானால் கடையிலேயே திரையை ஒளிரச் செய்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும், திருப்பித் தரும் கெடு முடியுமுன், மென்மையான உலர்ந்த துணியால் திரையைத் துடையுங்கள். தூசியைப் புள்ளி என்று எண்ணி ஏமாறுவோர் பலர். பிறகு முழுத் திரையிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, வெளிச்சம் குறைந்த அறையில் பாருங்கள். கறுப்பில் அணையாதவை தெரியும். வெள்ளையில் அணைந்தவை தெரியும். மற்ற மூன்றில் எந்தக் கூறு பழுது என்பது விளங்கும்.

அடுத்து, கணிப்பொறியின் திரைப்பதிவு வசதியால் ஒரு படம் எடுத்து வேறொரு திரையில் பாருங்கள். திரைப்பதிவு என்பது நினைவகத்திலுள்ள படத்தின் நகல். அதில் புள்ளி தெரியாவிட்டால் பழுது திரையில்தான். அதிலும் தெரிந்தால் பழுது மென்பொருளிலோ படத்திலோ உள்ளது. பின்பு கைப்பேசியால் திரையைப் படம் பிடித்து, நாளும் நேரமும் குறித்து, எத்தனை புள்ளிகள், எந்த வகை, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். "ஏதோ புள்ளி தெரிகிறது" என்பதைவிட, "நடுவில் ஒரு பச்சைக் கூறு அணையாமல் நிற்கிறது" என்று எழுதிய முறையீட்டுக்கு எங்கும் மதிப்பு உண்டு.

எல்லாம் செய்த பின்னும் எல்லைக்கு உட்பட்ட ஓர் அணைந்த புள்ளி ஓரத்தில் இருந்தால், அதை விட்டுவிடுவதே அறிவுடைமை. ஒரு புள்ளியையே உற்று நோக்கி மீதி இருபது இலட்சத்தை மறந்துவிடக் கூடாது. ஆனால் எல்லை என்னவென்று அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு. அறியாமல் ஏமாறுவது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது பெட்டியின்மேல் அச்சிட வேண்டிய ஒரே ஒரு வரிதான். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது அந்த வரியைக் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் அச்சிடுபவரும் தோன்றுவார்.